ஷிப்ரெக்குக்கு தமிழ்ல என்னங்க? கப்பல் விபத்துன்னு எழுதினா டீச்சர் வட்டம் போட்டுட்டாங்க

தெம்பனிஸ் அப்பா (ஞாயிறு, இரவு 9.42)
எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு உயர்நிலை ரெண்டு படிக்கிறா. போன வாரம் ஸ்கூல்ல இங்க சிங்கப்பூர் ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்கு கூட்டிட்டு போனாங்க, அந்த சீனாவோட தாங் காலத்து கப்பல்ல கிடைச்ச சாமானெல்லாம் வச்சிருக்காங்கள்ல, அதைப் பாத்துட்டு வந்து தமிழ்ல கட்டுரை எழுதணும். இவ "கப்பல் விபத்தில் அழகான கிண்ணங்களைப் பார்த்தேன்"னு எழுதியிருக்கா. டீச்சர் சிவப்பு மையில வட்டம் போட்டு "விபத்து நடந்தபோது நீ அங்கு இருந்தாயா?"ன்னு கேட்டிருக்காங்க :) டீச்சர் மேல தப்பில்ல, கேள்வி நியாயம்தான். ஆனா அப்ப என்ன எழுதுறது? ஷிப்ரெக்னா கப்பல் உடையுற சம்பவமும் அதுதான், கீழ கிடக்குற மிச்சமும் அதுதான். தமிழ்ல ரெண்டுக்கும் சேத்து ஒரே சொல் இருக்கா? நான் இதையே யோசிச்சிட்டு சோபால உக்காந்திருந்தேன், எங்கம்மா வந்து "என்னடா கப்பல் கவுந்த மாதிரி கன்னத்துல கைய வச்சிட்டு உக்காந்திருக்க"ங்கறாங்க. அம்மா அதேதாம்மா பிரச்சினைன்னேன்.

ஈசூன் சுரேசு (9.50)
மூழ்கிய கப்பல். முடிஞ்சுது லா. இதுக்கு ஒரு திரியா.

தெம்பனிஸ் அப்பா (9.58)
தம்பி அதையும் யோசிச்சேன். மூழ்காமலே பாறையில மோதி தட்டி நிக்கிற கப்பலும் ஷிப்ரெக்தானே, கரையில சாஞ்சு கிடக்குறதும் அதானே. அதெல்லாம் மூழ்கவே இல்லையே.

துவாஸ் மச்சான் (10.15)
அண்ணே நான் ஷிப்யார்ட்ல பதினோரு வருஷமா இருக்கேன், ஒரு விஷயம் சொல்றேன், தயவுசெஞ்சு யாரும் "கப்பல் உடைப்பு"ன்னு மட்டும் எழுத விட்றாதீங்க. எங்களுக்கு கப்பல் உடைப்புன்னா வயசான கப்பலை கரைக்கு ஏத்தி கேஸ் கட்டர் வச்சு துண்டு துண்டா வெட்டி இரும்பா விக்கிறது. குஜராத்ல அலங்னு ஒரு இடம், அங்க கடல் ஏத்தம் வரும்போது கப்பலை முழு வேகத்துல ஓட்டி மணல்ல ஏத்தி விட்ருவாங்க, தண்ணி வடிஞ்சதும் வெட்ட ஆரம்பிப்பாங்க. அது தொழில். அதுக்கு இங்கிலீஷ்ல ஷிப் பிரேக்கிங், இது ஷிப் ரெக்கிங், நம்ம பசங்களே ரெண்டையும் போட்டு குழப்பிக்குவாங்க. எங்க யார்டுல கப்பல் போச்சுன்னா "கப்பல் காலி"ன்னுதான் சொல்லுவோம், அதை கட்டுரையில எழுத முடியாது ஹாஹா.

மெய்யெழுத்து (10.41)
துவாஸ் தம்பி சொன்னது இலக்கணத்துலயும் சரிதான்பா. உடைத்தல் வேற உடைதல் வேற. ஒருத்தன் உடைச்சா உடைப்பு, அதுவா உடைஞ்சா உடைவு. அலங்ல நடக்குறது பிறவினை, புயல்ல நடக்குறது தன்வினை. (முப்பத்திரண்டு வருஷம் தமிழ் சொல்லிக்குடுத்த வாய், சும்மா இருக்காது, மன்னிக்கணும்.)

தெம்பனிஸ் தம்பி, உங்க பொண்ணு தேடுற சொல் ரொம்ப காலமா நம்மகிட்ட இருக்கு, நாமதான் அதை மறந்துட்டோம். உடைகலம். சிலப்பதிகாரத்துல அடைக்கலக் காதையில கோவலன் தன்னோட முன்னோர் ஒருத்தர் நடுராத்திரி கடல்ல மாட்டிக்கிட்டதை "உடைகலப் பட்ட எங்கோன்"னு சொல்றான். அவரை மணிமேகலா தெய்வம் காப்பாத்துச்சு, அதனாலதான் மாதவி பெத்த பொண்ணுக்கு மணிமேகலைன்னு பேரே வச்சாங்க. அதாவது ஒரு காப்பியத்தோட நாயகிக்கு பேர் கிடைச்சதே ஒரு ஷிப்ரெக்னாலதான்! மணிமேகலையில ஆதிரை கதைக்கு வாங்க. அவ புருஷன் சாதுவன் வியாபாரத்துக்கு கப்பலேறி போறான், காத்து கப்பலை கொண்டு போயிருது, "வளிகலன் வௌவ"ன்னு ரெண்டே சொல்லுல முடிச்சிருவார் சாத்தனார், இவன் ஒடிஞ்ச மரத்தை புடிச்சிட்டு நாகர் வாழுற மலைப்பக்கம் கரை ஒதுங்குறான். தப்பிச்சு ஊருக்கு வந்தவங்க அவன் செத்துட்டான்னு சொல்ல ஆதிரை தீயில இறங்குறா, தீ அவளைச் சுடல. அங்க நாகர் தலைவன்கிட்ட சாதுவன் கேக்குறது என்ன தெரியுமா, "உடைகல மாக்கள்" உயிரோட இங்க வந்து சேந்தா அவங்கள கொல்லாதீங்கன்னு. உடைகல மாக்கள்! கப்பல் உடைஞ்சு கரை ஒதுங்கின ஜனங்களுக்கு ரெண்டு சொல்லுல பேரு.

இன்னொண்ணு, இதுல க் போடக்கூடாது. உடைகலம், உடைக்கலம் இல்ல. இது வினைத்தொகை, வல்லினம் மிகாது. வினைத்தொகைன்னா மூணு காலமும் உள்ள ஒளிஞ்சிருக்கும்: உடைந்த கலம், உடைகின்ற கலம், உடையும் கலம். பொண்ணு கேட்டதும் அதானே, சம்பவமும் மிச்சமும் ஒரே சொல்லுல.

ஈசூன் சுரேசு (10.49)
டீச்சர் செம. ஆனா உடைகலம்னா சட்டி உடைஞ்சதுன்னு நினைக்க மாட்டாங்களா? எங்க பாட்டி சாப்புடுற தட்டை உண்கலம்னுதான் சொல்லும்.

பாசிர் ரிஸ் அக்கா (11.03)
சுரேசு அப்ப விண்கலம்னா என்ன, வானத்துல பறக்குற சட்டியா? படைக்கலம்னா சண்டைக்கு எடுத்துட்டு போற குண்டானா? கலங்கறது எதையாவது தாங்கிட்டு நிக்கிற ஒண்ணு, சோறா இருந்தா தட்டு, ஆளா இருந்தா கப்பல், அணிகலன்ல கூட அதே கலன்தான். இங்கிலீஷ்ல வெசல் கூட அப்படித்தான பாத்திரமும் அதுதான் கப்பலும் அதுதான். கலங்கரை விளக்கம்னு சொல்றோமே, அதுல இருக்குறது இந்தக் கலம்தான். கலத்தை கரையுற விளக்கம். கரையுறதுன்னா கூப்புடுறது, காக்கா கரையுதுன்னு சொல்றோம்ல அந்தக் கரையுறது. விளக்கு கப்பலைப் பேர் சொல்லி கூப்புடுதாம். நான் சின்ன வயசுல கலங்குற கரைன்னு நினைச்சிட்டிருந்தேன், யார்கிட்டயும் சொல்லிறாதீங்க.

நூலகப் பிராணி (11.30)
எல்லாரும் தமிழ்ச்சொல்லு தேடுறீங்க, நான் இங்கிலீஷ் சொல்லைத் தோண்டினேன், அங்கதான் வேடிக்கை. ஷிப்ரெக்ல இருக்குற ரெக்ங்கறது முதல்ல கப்பலும் இல்ல விபத்தும் இல்ல. கரை ஒதுங்கின சரக்கு! வடக்கு ஐரோப்பாவுல வைக்கிங்குங்க பேசின நார்ஸ் மொழியில அலை அடிச்சுட்டு வந்து தள்ளுற சாமானுக்கு இருந்த பேரு, அங்கிருந்து நார்மன் பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்துச்சு. வேர்ச்சொல்லுக்கு அர்த்தம் விரட்டுறது, தள்ளுறது. இங்கிலீஷ்ல பாவப்பட்ட ஜென்மத்தை ரெட்ச்னு சொல்லுவாங்கள்ல, அது கூட அதே வேர்தான், ஆதியில நாட்டை விட்டு விரட்டப்பட்டவன்னு அர்த்தம். கப்பல் உடையுறதுக்கு பழைய ஆங்கிலத்துல கப்பல்-உடைவுன்னே நேரடியா ஒரு சொல் இருந்துச்சு, அது வழக்கொழிஞ்சு போச்சு. ஜெர்மன்காரன் இன்னிக்கும் ஷிஃப்ப்ரூஃக், அதாவது கப்பல்-உடைவுன்னுதான் சொல்றான். லத்தீன்லயும் நாவிஸ்னா கப்பல், ஃபிராங்கெரேன்னா உடைக்கிறது, ரெண்டும் சேந்து நௌஃப்ராகியும், அதுல இருந்துதான் பிரெஞ்சுக்காரனோட நோஃப்ராஷ். அவங்கெல்லாம் உடைகலம் கட்சி, இங்கிலீஷ்காரன் மட்டும்தான் கரையில நின்னுட்டு என்ன வந்து சேருதுன்னு பாத்த கட்சி.

அரசு மலர் (11.44)
நாவிஸ், நேவி எல்லாமே நம்ம நாவாய்ல இருந்து போனதுதான். எல்லாரும் ஷேர் பண்ணுங்க.

நூலகப் பிராணி (11.52)
ஐயா அது வாட்ஸப்ல சுத்துற சரக்கு. லத்தீன் நாவிஸ், கிரேக்க நௌஸ், சமஸ்கிருத நௌ எல்லாம் ஒரே குடும்பத்துச் சொந்தக்காரங்க, நாவாய் அந்த வீட்டுல இருந்து நம்ம வீட்டுக்கு வந்த மருமகளாத்தான் இருக்கணும். நம்மகிட்ட இருந்து போனதுக்கு பெருமைப்படணும்னா கட்டுமரம் இருக்கு, இங்கிலீஷ்ல கட்டமரான்னு உலகம் பூரா ஓடுது. அது ஒண்ணே போதும்.

தோணிக்கார பாய் (திங்கள், காலை 6.20)
சலாம். ராத்திரி பூரா கப்பல் ஓட்டியிருக்கீங்க போல. அப்ப மலாய்க்கு போனதையும் சேத்துக்குங்க. மலாய்ல கப்பலுக்கு கபால், அது நம்ம கப்பல்ல இருந்து வந்ததுதான், எங்க வாப்பா இதை மலாய்க்கார கூட்டாளிங்ககிட்ட சொல்லி சொல்லியே காபி வாங்கிக் குடிச்சவர். ஆனா ஷிப்ரெக்குக்கு அவங்க கபால் காராம்னு சொல்வாங்க, காராம்னா மூழ்குறது. பாருங்க, கப்பல் தமிழ்ல இருந்து போச்சு, மூழ்குறதுக்கு மட்டும் அவங்க சொந்தச் சொல்லு :) ஒரு பழமொழி கூட இருக்கு, "காராம் பெர்துவா, பாசா செஓராங்". ரெண்டு பேரும் மூழ்கினோம், நனைஞ்சது ஒருத்தன் மட்டும். ரெண்டு பேரும் சேந்து செஞ்ச தப்புக்கு ஒருத்தன் மட்டும் அடி வாங்குறதுக்கு சொல்றது.

கப்பல் விஷயத்துல நம்ம ஆளுங்களுக்கும் பழமொழிக்கு பஞ்சமில்ல. கப்பல் கவுந்தாலும் கன்னத்துல கை வைக்காதேம்பாங்க. மானம் கப்பலேறுதும்பாங்க. மானம் மட்டும் ஏன் கப்பலேறுதுன்னு யாராவது யோசிச்சிருக்கீங்களா, ஊரு விட்டு ஊரு போயி எல்லா துறைமுகத்துலயும் இறங்கி கதை சொல்லுமாம்.

மெய்யெழுத்து (7.15)
பாய், கவிழ்தலும் பழைய சொல்தான். நற்றிணை முப்பதாவது பாட்டை எடுத்துப் பாருங்க. பரத்தைங்க எல்லாம் சேந்து தலைவனை ஆளாளுக்கு கையைப் புடிச்சு இழுக்குறாங்களாம், அதுக்கு உவமை என்ன தெரியுமா, "கடல்மரம் கவிழ்ந்தென" தண்ணியில விழுந்த ஜனமெல்லாம் ஒரே பலகையை புடிச்சு இழுக்குற மாதிரி, "பலர்கொள் பலகை போல". பாவம் அந்த பலகை. கடல்மரம்னா கப்பல். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் அந்த கோரத்தை நேர்ல பாத்தோ கேட்டோ இருக்கணும், இல்லாட்டி பலகை மேல பார்வை போயிருக்காது.

அதே ஆதிரை கதையில நாகர் தலைவன் "பண்டும் பண்டும் கலம் கவிழ் மாக்களை உண்டேம்"ங்கிறான். அப்பப்ப கப்பல் கவுந்து வந்தவங்கள தின்னுட்டோம், இதெல்லாம் அவங்க சாமான், எடுத்துக்கோன்னு வாசனைக் கட்டை, மெல்லிய துணி, குமிச்சு வச்ச செல்வம்னு சாதுவன் கையில குடுக்குறான். நூலகத் தம்பி சொன்ன கரை ஒதுங்கின சரக்கு இதுதானே! ஒரே கதையில கப்பல் உடையுறதும் இருக்கு, ஆள் ஒதுங்குறதும் இருக்கு, சரக்கு ஒதுங்குறதும் இருக்கு.

நூலகப் பிராணி (12.35, லஞ்ச் டைம்)
டீச்சர் அந்த நாகர் தலைவன் தங்கமானவன், ராஜாக்கள்லாம் குடுக்கவே மாட்டாங்க. கரை ஒதுங்கினது கரைக்கு சொந்தக்காரனுக்குன்னு ஊருக்கு ஊரு சட்டம். ஆந்திராவுல மோட்டுப்பள்ளின்னு துறைமுகம், காகதிய ராஜா கணபதிதேவர் 1244ல அங்க தூண்ல கல்வெட்டு வெட்டி வச்சார்: முன்னாடி இருந்த ராஜாங்க புயல்ல உடைஞ்சு கரை ஒதுங்கின கப்பல்ல இருந்த பொன்னு, யானை, குதிரை, ரத்தினம் எல்லாத்தையும் புடுங்கிக்கிட்டாங்க, உயிரைவிடப் பெருசா நினைச்ச பொருளுக்காகத்தான் வியாபாரி கடல்ல இறங்குறான், அதனால நான் சுங்கம் மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தை விட்டுருவேன்னு. அபய சாசனம்னு பேரு.

இங்கிலாந்துல 1275ல வந்த சட்டம் இன்னும் தமாஷ். கப்பல்ல இருந்து ஒரு மனுஷனோ நாயோ பூனையோ உயிரோட தப்பிச்சு வந்துட்டா அந்தக் கப்பல் "ரெக்" கணக்குல சேராதாம், சரக்கை ஒரு வருஷம் ஒரு நாள் பத்திரமா வச்சிருந்து உரியவன் வந்து கேட்டா குடுத்துரணுமாம். யாருமே தப்பலேன்னாதான் ராஜாவுக்கு. அதாவது கப்பல் சுக்கு நூறா உடைஞ்சு போயிருக்கலாம், பூனை நீந்தி வந்துட்டா அது ரெக் இல்ல. சொல்லுக்கு சொத்துன்னுதான் அர்த்தம் இருந்துச்சுங்கறதுக்கு இதைவிட என்ன வேணும்.

ஈசூன் சுரேசு (12.41)
பூனைக்கு ராஜா வீட்டுல எவ்ளோ எதிரி இருந்திருப்பாங்க.

பழைய ரஜூலா (மாலை 4.10)
பிள்ளைங்களா, நான் 1961ல ரஜூலாங்கற கப்பல்ல நாகப்பட்டினத்துல ஏறி இங்க வந்து இறங்கினவன், டெக் டிக்கெட்டு. வங்காள விரிகுடாவுல ஒரு ராத்திரி ஆட்டம் ஆடிச்சு பாருங்க, பக்கத்துல இருந்த ஒரு கிழவி எல்லாருக்கும் சேத்து நாகூர் ஆண்டவரையும் வேளாங்கண்ணி மாதாவையும் கூப்புட்டுக்கிட்டே இருந்துச்சு, அந்தம்மா நெத்தியில பட்டை பட்டையா திருநீறு. அப்ப ஷிப்ரெக்குன்னு யாரும் சொல்லல, "கவுந்துரும் போல"ன்னுதான் சொன்னாங்க. ரஜூலா கவுரவமா ஓடி ஓய்வெடுத்துச்சு. அதுக்கப்புறம் வந்த எம்.வி. சிதம்பரம்தான் 1985ல தீப்பிடிச்சு பல உயிர் போச்சு, அது மூழ்கல, உடையவும் இல்ல, ஆனா அதோட பயணம் முடிஞ்சுது, உடைக்கத்தான் குடுத்தாங்க. அதை நீங்க எந்தச் சொல்லுல போடுவீங்க? நான் கேக்கேன், எனக்கு பதில் தெரியல.

துவாஸ் மச்சான் (6.55)
ஐயா அதுக்கு எரிகலம்னு வச்சிக்கலாமா டீச்சர்? இல்ல சும்மா. ஐயா சொன்னதைப் படிச்சு ஒரு மாதிரி ஆயிருச்சு. எங்கப்பா முதல் தடவை வந்தது சிதம்பரத்துலதான்.

ஜான் அங்கிள் (7.30)
கப்பற்சேதம்னு ஒரு சொல் இருக்கே, யாரும் சொல்லல? நம்ம பழைய தமிழ் வேதாகமத்துல பவுல் "மூன்றுதரம் கப்பற்சேதத்தில் இருந்தேன்"னு சொல்றார். சின்ன வயசுல ஞாயிறு பள்ளியில அந்த வசனத்தைப் படிச்சப்ப சேதம்னா ஏதோ ஊரு பேருன்னு நினைச்சேன். இன்னொரு இடத்துல சிலர் விசுவாசமாகிய கப்பலை சேதப்படுத்தினாங்கன்னு வரும். கட்டுரைக்கு இது கௌரவமான சொல்தானே.

மெய்யெழுத்து (8.05)
கௌரவமான சொல்தான் ஜான், நானும் அதை விரும்புவேன். ஆனா சேதம்ங்கறது வடமொழியில வெட்டு, துண்டிப்புன்னு வந்தது, தமிழ்ல நட்டம்னு பொருள் ஆயிருச்சு. கப்பற்சேதம்னா சம்பவமும் நட்டமும் வருது, ஆனா அடியில கிடக்குற மரமும் கிண்ணமும் வரல பாருங்க. "கப்பற்சேதத்தில் கிண்ணங்களைப் பார்த்தேன்"னு எழுதினா மறுபடியும் வட்டம்தான் :)

பாசிர் ரிஸ் அக்கா (8.40)
அந்த கிண்ணத்துக்கே வருவோம், அதுதானே விஷயம். 1998ல இந்தோனேசியாவுல பெலித்துங் தீவு பக்கம் மீனவங்க கண்டுபிடிச்ச கப்பல் அது. அரபு நாட்டு பாய்மரக் கப்பல், ஆணியே கிடையாது, பலகையெல்லாம் கயிறு போட்டு தைச்சது. சுமாரா 60,000 சாமான், பெரும்பாலும் சீனாவுல சாங்ஷா பக்கம் செஞ்ச கிண்ணம், ஒரு கிண்ணத்துல 826ம் வருஷத்துக்கான தேதி பொறிச்சிருக்கு. 2005ல சிங்கப்பூர் 3 கோடியே 20 லட்சம் அமெரிக்க டாலர் பக்கம் குடுத்து வாங்குச்சு. எனக்கு அங்க ரொம்ப புடிச்சது என்ன தெரியுமா, பெரிய பெரிய சாடிக்குள்ள கிண்ணத்தை சுத்திச் சுத்தி அடுக்கி வச்சிருக்காங்க, ஒரு சாடிக்குள்ள நூறுக்கு மேல. அதனால கப்பல் போயும் கிண்ணம் போகல. சுரேசு கேட்ட சட்டி சந்தேகத்துக்கு பதில் அங்கயே இருக்கு: கலம் உடைஞ்சுது, கலம் உடையல.

ஈசூன் சுரேசு (8.44)
அக்கா இதை எழுதி ஃபிரேம் போடுங்க. நான் தோத்தேன்.

தோணிக்கார பாய் (9.10)
அந்தக் கப்பலை பத்து ஹித்தாம்னும் சொல்வாங்க, கருப்புப் பாறைன்னு அர்த்தம். நம்ம பக்கம் பெட்ரா பிராங்கான்னு குட்டித் தீவு இருக்கே, அது போர்த்துகீசுல வெள்ளைப் பாறை, மலாய்ல பூலாவ் பத்து பூத்தே, அங்கயும் ரெண்டு கப்பல் கிடைச்சதா 2021ல அறிவிச்சாங்க. 2015ல முக்குளிக்கிறவங்க தற்செயலா பீங்கான் தட்டு பாத்து அதுல இருந்து ஆரம்பிச்சது. ஒண்ணு பதினாலாம் நூற்றாண்டு, தெமாசெக் (சிங்கப்பூரோட பழைய பேரு) காலத்து சரக்கு. இன்னொண்ணு ஷா முன்ச்சா, இந்தியாவுல கட்டின கப்பல், சீனாவுல சரக்கேத்தி இந்தியாவுக்கு திரும்பும்போது 1796ல போச்சு. அந்த பாறை இப்படி கப்பல் கப்பலா முழுங்கினதுக்கு அப்புறம்தான் 1851ல ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் வந்துச்சு. அக்கா சொன்ன கரையுற விளக்கு, கொஞ்சம் லேட்டா கரைஞ்சிருக்கு.

நூலகப் பிராணி (9.32)
கடைசியா ஒண்ணு, இதை சொல்லாம தூங்க முடியாது. நியூசிலாந்துல மாவோரி பொம்பளைங்க உருளைக்கிழங்கு வேகவைக்க ஒரு வெண்கலப் பாத்திரம் வச்சிருந்தாங்க, கொலென்சோன்னு ஒரு மிஷனரி 1836 வாக்குல பாத்து வாங்குறார், அது பாத்திரமே இல்ல, உடைஞ்சு போன கப்பல் மணி. சுத்தி தமிழ் எழுத்து. முகையதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணின்னு பொறிச்சிருக்கு. இப்ப தே பாப்பா அரும்பொருளகத்துல இருக்கு. அந்தக் கப்பல் எப்படி அங்க போச்சுன்னு இன்னும் அடிச்சுக்கிறாங்க. ஆனா வாசகத்தை ஒரு தடவை சத்தமா படிங்க: கப்பல் உடைய மணி. அவருடைய கப்பலுடைய மணின்னு எழுதினது, கப்பல் உடைய அடிச்ச மணின்னும் கேக்குது.

மெய்யெழுத்து (9.47)
அடப்பாவி. இத்தனை வருஷத்துல எனக்கு இது தோணவே இல்ல. மணி வேற சட்டியாயிருச்சு, சுரேசுக்கு சந்தோஷம்.

தெம்பனிஸ் அப்பா (வியாழன், இரவு 8.20)
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பொண்ணு திரி முழுக்க படிச்சா, மணிமேகலை பேரு கதையை பாட்டிக்கு சொன்னா, பாட்டி ஆதிரைக்கு கண்ணு கலங்கிட்டாங்க. தலைப்பை "பெலித்துங் உடைகலம்"னு மாத்தி எழுதினா, உடைகலம்னா என்னன்னு முதல் வரியிலயே சொல்லிட்டா, க் போடல. இன்னிக்கு நோட்டு திரும்பி வந்துச்சு. டீச்சர் அந்தச் சொல்லுக்கு பக்கத்துல ரெண்டு டிக் போட்டுட்டு கீழ எழுதியிருக்காங்க: "நன்று. உடைந்தது கப்பலா, கிண்ணமா?"

இவ பாசிர் ரிஸ் அக்கா வரியை அப்படியே எழுதி குடுக்கலாமான்னு கேக்குறா. அக்கா, ஓகேவா?

பாசிர் ரிஸ் அக்கா (8.26)
தாராளமா. காசு வேணாம், கிண்ணம் ஒண்ணு குடுத்தா போதும்.